போத்தல் காசு

என் நாட்குறிப்பில் 1989 ஆனி 12, திங்கட்கிழமைக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறேன்: "காலை எட்டரைக்குப் போனேன். படலையிலிருந்து கிணற்றடி வரை வெறும் போத்தல். கணக்கக்கா ஒவ்வொன்றாக எண்ணி வாங்குகிறா. முகத்தில் ஒன்றும் இல்லை." அதற்குக் கீழே, அன்று பின்னேரம் வேறு மையில் எழுதிய இன்னொரு வரி: "எனக்குச் சந்தோசமாக இருந்தது." இந்த இரண்டாவது வரியை அடித்துவிடலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அடித்தால் மற்றதும் பொய்யாகிவிடும்.

கணக்கக்கா என்பது அவருடைய பெயரல்ல. மானிப்பாய்ப் பக்கம் இருந்த ஒரு சிறிய சோடாக் கொம்பனியில் கணக்கு எழுதியவர் அவர். போத்தல் கழுவுகிறவர்களும் காஸ் அடிக்கிறவர்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கணக்காய்வாளரிடம், அதாவது ஓடிற்றரிடம், எழுதுவினைஞராக இருந்தேன். பங்குனி 31இல் கணக்கு வருடம் முடியும். வைகாசியில் நான் அரியாலையிலிருந்து சைக்கிளில் போய் இரண்டு கிழமை அந்தக் கொம்பனியின் புத்தகங்களைப் பார்த்து, சரியான தொகைகளுக்குப் பச்சை மையால் சரி போடுவேன். பிறகு என் எசமான் கையெழுத்து வைப்பார். அந்தக் கையெழுத்தைப் பார்த்து வங்கி கடன் கொடுக்கும்.

அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன்: கேட்டதற்குப் பதில் சொல்வார். கேட்ட அளவுக்கு மட்டும் சொல்வார். பொய் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

1984 வைகாசியில் முதல் முறையாக அவர் மேசைக்கு முன் உட்கார்ந்தேன். அப்போது அவர் வேலைக்கு வந்து மூன்று மாதம். எனக்குத் தலையிடி.

"பிள்ளை, இஞ்சை தேத்தண்ணி கிடைக்குமோ?"

"கிடைக்கும்."

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். யாரோ கொண்டுவருவார்கள் என்று அரை மணித்தியாலம் இருந்தேன்.

"தேத்தண்ணி கிடைக்கும் எண்டனீர்?"

"ஓம் அண்ணை."

"எங்கை?"

"முன் கடையிலை."

"இப்ப போனால் இருக்குமோ?"

"இல்லை. பத்து மணிக்குப் பூட்டிப்போடுவினம்."

மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து ஐந்து. கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வந்த நாளிலேயே இப்படி ஒரு பிள்ளையா என்று நினைத்தேன். பிறகு அவர் தானாகவே எழுந்து எனக்கு ஒரு சோடா கொண்டுவந்து கொடுத்தார். அலுமாரியிலிருந்து ஒரு பழைய பேரேட்டை எடுத்து மேசையில் வைத்து, அதன் மேல் கிளாசை வைத்தார். மேசை நனையாமல் இருக்க வைக்கிறார் என்று எண்ணினேன். குடித்து முடித்துக் கிளாசைத் தூக்கியபோதுதான் மட்டையில் வருடத்தைப் பார்த்தேன்: 1982/83.

அந்தப் பேரேட்டில் இருந்த பச்சைச் சரிகள் என்னுடையவை.

இனி 1983க்குப் போக வேண்டும். அப்போது கொம்பனியில் நாலு பங்காளிகள். முதலாளி என்று எல்லோரும் கூப்பிட்டவருக்குக் கால் பங்கு. கணக்கக்காவின் தகப்பனுக்கும் கால் பங்கு. முதலாளி கட்டியிருந்தது அந்தத் தகப்பனின் தங்கச்சியை. ஆகவே கணக்கக்காவுக்கு அவர் மாமா, அந்த அம்மா மாமி. மற்ற இரண்டு பங்காளிகளின் பங்குகளையும் முதலாளி அந்த வருடத் தொடக்கத்திலேயே ஒருமாதிரி வாங்கிவிட்டார். மிஞ்சியது மச்சானின் பங்கு.

அந்த வருடப் புத்தகத்தில் இலாபம் மெலிந்து கிடந்தது. எனக்கு இரண்டு இடங்களில் இடறியது. புதிதாக வாங்கிய போத்தல்கள் பத்து வருடம் பாவிக்கக்கூடிய சாமான். அவற்றை முழுவதும் அந்த ஒரே வருடச் செலவாக எழுதியிருந்தார்கள். இரண்டாவது, பங்குனியின் கடைசிப் பத்து நாட்களில் விற்பனையே இல்லை. ஆனால் காஸ் சிலிண்டர்கள் வழமைபோல் முடிந்திருந்தன. விற்ற சோடாவைச் சித்திரைக்குத் தள்ளி, அடுத்த வருடக் கணக்கில் எழுதினால் மட்டுமே அப்படி வரும். போய்க் கேட்டேன்.

"தம்பி, சோடா குடிக்கிறதுக்கு. கேள்வி கேக்கிறதுக்கில்லை," என்றார் முதலாளி. பின்னேரம் நான் நகரத்துக்குத் திரும்புவதற்குள் எசமானுக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

"பதினொரு வருச வாடிக்கை. நீர் என்ன துப்பறியப் போனீரோ?" என்றார் எசமான். அடுத்த நாள் போய்ச் சரி போட்டேன். அந்த வருடம் எனக்குப் போனசும் இல்லை.

ஆனி மாதம், கையெழுத்திட்ட கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்த நாளில், முதலாளியின் அறையில் அவருடைய மச்சான் இருந்தார். வெள்ளை வேட்டி, கையில் மடித்த குடை. முதலாளி பேரேட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார்.

"பாரும் மச்சான். நான் சொன்னால் நம்பமாட்டீர். ஓடிற்றரும் பாத்திட்டார். கொம்பனி படுக்குது. உம்மடை பங்கை இப்ப விட்டால் ஏதோ கொஞ்சம் தருவன். அடுத்த வருசம் அதுவும் இல்லை."

அந்த மனிதர் பச்சைச் சரிகளின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

"ஓம்," என்றேன்.

அவர் கையெழுத்து வைத்தார். போகும்போது முதலாளிக்கு நன்றி சொன்னார். அடுத்த மாதம் ஆடியில் இனக்கலவரத்தில் நாடு எரிந்தது. தெற்கிலிருந்து சோடாப் போத்தல் ஏற்றி வந்த லொறிகள் நின்றுபோயின. குடாநாட்டில் எங்கள் கொம்பனியின் சோடாவைத் தவிர வேறு சோடா கிடைப்பது அரிதாயிற்று. அந்தக் கால் பங்கு ஒரே வருடத்தில் தன் விலையை உழைத்துக் கொடுத்துவிட்டது, வேறொருவருக்கு.

1984இல் அந்தக் கிளாசைப் பேரேட்டின் மேல் வைத்த அன்று கணக்கக்கா என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்.

"அண்ணை, என்ரை ஐயா உங்களிட்டைக் கேட்டவரோ?"

"ஓம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டு சொன்னன்."

தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வைகாசியும் எனக்கு வைக்கும் சோடா அந்தப் பேரேட்டின் மேல்தான் வந்தது.

தகப்பனுக்கு உண்மை தெரிந்தது 1985இல், ஒரு செத்தவீட்டில். கொம்பனியின் லொறிக்காரன் யாருக்கோ பெருமையடித்தான்: "எண்பத்து மூண்டு பங்குனியிலை நாளுக்கு மூண்டு நடை அடிச்சனான்." பக்கத்தில் இருந்த அந்த மனிதர் எழுந்து, செருப்பை மறந்து, வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்து போனாராம். 1986 தையில் காலமானார். பங்கு போனதால்தான் போனார் என்று எழுதமாட்டேன். நெஞ்சு வருத்தம் அவருக்கு முன்பே இருந்தது.

அந்த வருடம் ஒரு கலியாணப் புரோக்கர் கொம்பனிக்கே வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"பிள்ளைக்கு வயதென்ன?"

"இருபத்தாறு."

"சீதனம் என்ன மாதிரி?"

"ஒண்டுமில்லை."

"ஏன், கொப்பர் ஒண்டும் வைச்சிருக்கேல்லையோ?"

"வைச்சிருந்தவர். வித்துப்போட்டார்."

"ஆருக்கு?"

கணக்கக்கா பேனையின் பின்பக்கத்தால் உள்ளறையைக் காட்டினார். புரோக்கர் எட்டிப் பார்த்தார். உள்ளே முதலாளி சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். புரோக்கர் வேறொன்றும் கேட்காமல் சைக்கிளை எடுத்தார்.

"ஏன் பிள்ளை அவரைக் கலைச்சனீர்?" என்றேன்.

"நான் கலைக்கேல்லை அண்ணை. அவர் கேட்டார்."

இப்படிப்பட்ட ஒருவரை முதலாளி ஏன் தன் கணக்கு மேசையில் வைத்திருந்தார் என்று கேட்கலாம். காரணம் எளிது. சொந்தக்காரப் பிள்ளை, சம்பளம் குறைவு, வாயைத் திறக்காது. வாய் திறக்காத பிள்ளை மறந்துவிட்ட பிள்ளை என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

எல்லாப் பங்கும் கைக்கு வந்த பிறகு முதலாளிக்குத் தேவை தலைகீழாயிற்று. முன்பு இலாபம் மெலிந்து தெரிய வேண்டும். இப்போது கொழுத்துத் தெரிய வேண்டும், ஏனென்றால் வங்கியில் மிகைப்பற்று எடுத்துச் சீனி வாங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பங்குனிக் கடைசிக் கிழமையும் கணக்கறைக்குள் வந்து கதவைச் சாத்துவார். உள்ளே நடந்ததைக் கணக்கக்கா பிறகு எனக்குச் சொன்னார். நான் கேட்டதால் சொன்னார்.

"பிள்ளை, மெய்க்கணக்கு என்ன?" என்பார் முதலாளி.

அவர் ஒரு போத்தல் லேபிளின் பின்பக்கத்தில் உண்மையான இலாபத்தை எழுதிக் கொடுப்பார். முதலாளி அதை வாசித்துச் சுருட்டு நெருப்பில் பிடிப்பார்.

"போன வருசத்தை விடக் குறையப்படாது. வங்கிக்காரன் பாப்பான்."

"எதைப் போட மாமா?"

1985இல், சித்திரை முதற் கிழமை விற்பனையைப் பங்குனிக்குள் இழுத்துப் போடச் சொன்னார். 1986இல், உடைந்த போத்தல்களைக் கழிக்க வேண்டாம், மெசின் திருத்திய செலவை மெசினின் பெறுமதியோடு கூட்டிவிடு என்றார். 1987இல் அதுவும் போதவில்லை. அப்போதுதான் போத்தல் காசில் கைவைத்தார்.

போத்தல் காசு என்பது இது. கடைக்காரர் சோடா எடுக்கும்போது சோடாவின் விலையோடு போத்தலுக்கும் ஒரு காசு கட்டுவார். வெறும் போத்தலைத் திருப்பித் தந்தால் அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது கொம்பனியின் காசல்ல, கடன். ஆனால் ஒரு கடைக்காரரும் அதைத் திருப்பிக் கேட்பதில்லை. வெறும் போத்தலைக் கொடுத்து நிறைந்த போத்தலை எடுப்பார். அந்தக் காசு வருடக்கணக்காக அப்படியே கிடக்கும்.

"போத்தல் காசையும் விற்பனையிலை எழுது," என்றாராம் முதலாளி. "ஆர் உதைத் திருப்பிக் கேக்கப் போறான்?"

அவர் எழுதினார். ஆனால் எந்தக் கடையில் எத்தனை போத்தல் நிற்கிறது என்று காட்டும் போத்தல் கொப்பியை எப்போதும்போல் ஒரு போத்தல் பிசகாமல் எழுதிவந்தார். அதை மாற்றும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

1988 பங்குனியில் முதலாளி வந்தார், கதவைச் சாத்தினார், "போன வருசத்தை விடக் குறையப்படாது," என்றார், போய்விட்டார். மெய்க்கணக்கு என்ன என்று கேட்கவில்லை. லேபிள் எழுதப்படவில்லை.

அந்தக் கணக்கு வருடம் எப்படிப்பட்டதென்று குடாநாட்டில் இருந்த எவருக்கும் தெரியும். 1987 ஐப்பசியில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கிப் பல கிழமைகள் ஊரடங்கு. கொம்பனி பூட்டிக் கிடந்தது. போத்தல் கழுவும் தொட்டியில் பாசி பிடித்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். வைகாசியில் நான் புத்தகத்தை விரித்தால், முந்தைய வருடத்தை விட இலாபம் கூடியிருந்தது; முதலாளி முன்பு சொல்லிக்கொடுத்த வழிகள் எல்லாம் அதில் இருந்தன.

"பிள்ளை, ஊரடங்குக்கை ஆர் சோடா குடிச்சது?"

"ஆரும் குடிக்கேல்லை அண்ணை."

"அப்ப உந்த லாபம் மெய்யோ?"

"இல்லை."

பேனை என் கையில் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பற்றுச்சீட்டுகளை நூலில் கோத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து எசமானிடம் போயிருக்கலாம். ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். அறைக்குள் முதலாளி யாரையோ ஏசும் சத்தம் கேட்டது. "சோடா குடிக்கிறதுக்கு" என்று என்னிடம் சொன்ன அதே குரல். நான் ஒவ்வொரு தொகைக்கும் ஆறுதலாக, வடிவாகச் சரி போட்டேன். 1983இல் போட்டது பயத்தில். இந்த முறை எனக்குப் பயமே இருக்கவில்லை.

1988 ஐப்பசியில் முதலாளி நகரத்துக்கு ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு மெசினின் படம். காலால் மிதிக்கத் தேவையில்லை, மின்சாரத்தில் ஓடும், மணித்தியாலத்துக்கு எங்கள் ஒரு நாள் வேலையைச் செய்யும். பக்கத்தில் நான் சரி போட்ட மூன்று வருடக் கணக்கு.

"பாரும் தம்பி. ஊரடங்குக்கையே இவ்வளவு வித்தனாங்கள் எண்டால், றோட்டுத் திறந்து கிடக்கேக்கை என்ன மாதிரி இருக்கும்! எங்கடை சோடாவை ஒண்டும் அசைக்கேலாது."

அவர் முகத்தைக் கவனமாகப் பார்த்தேன். நடிக்கவில்லை. நம்பினார். தானே ஏவிய பொய்தான். ஆனால் அதை மூன்று வருடமாக வேறொருவர் கையெழுத்தில், வேறொருவரின் பச்சைச் சரியோடு வாசித்து வாசித்து, அது அவருக்குச் செய்தியாகிவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன் மச்சான் விரலை வைத்துக்கொண்டு போன மாதிரியே அவரும் வரிவரியாக விரலை வைத்தார்.

கணக்கக்காவைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, மூண்டு வருச லாபத்தையும் சொல்லு."

"புத்தகத்திலை இவ்வளவு மாமா," என்று மூன்று தொகைகளையும் சொன்னார்.

முதலாளி அவற்றைக் குறித்துக்கொண்டார். மெசின் எடுக்கலாமா என்று அவரிடம் கேட்கவில்லை. அதைச் சாத்திரியாரிடம் கேட்டார். தையில் நல்ல நாள் இருக்கிறது என்று சாத்திரியார் சொன்னார். வங்கி முகாமையாளருக்கும் கணக்கு பிடித்துப்போயிற்று. கொம்பனிக் காணியையும் கட்டடத்தையும் ஈடு கேட்டார்கள். அது முதலாளி தேடிய தேட்டம், எழுதிக் கொடுத்தார். குடியிருந்த வீட்டையும் கேட்டார்கள். அது மாமியின் சீதனம். எங்கள் தேசவழமைச் சட்டப்படி அதற்கு மாமி கையெழுத்து வைக்க வேண்டும். மாமி மறுத்துவிட்டா.

"என்ரை ஐயா எனக்குத் தந்த வீடு. உங்கடை மெசினுக்கு அதை வைக்க ஏலாது," என்று சொன்னதாக முதலாளியே என்னிடம் சொல்லிச் சிரித்தார். "பொம்பிளையளுக்கு யாவாரம் விளங்காது, தம்பி." மிச்சப் பணத்தை வெளியில் வட்டிக்கு எடுத்தார்.

மெசின் 1989 மாசியில் வந்தது. சந்தனம் பூசி, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்தார்கள். அதன் பிறகுதான் ஒன்று தெரிந்தது. எங்கள் போத்தல்கள் பல இடத்தில், பல காலத்தில் வாங்கியவை. வாய்கள் ஒரே அளவில்லை. காலால் மிதிக்கும் பழைய மெசின் எல்லா வாயையும் பொறுத்துக்கொண்டது. புதியது பொறுக்காது. முதலாளி திரும்பவும் கடன்பட்டுப் புதுப் போத்தலுக்குச் சொன்னார். ஆடியிலிருந்து புதுப் போத்தல் மட்டுந்தான் என்று லொறிக்காரன் கடைகடையாகச் சொல்லிக்கொண்டு போனான்.

அந்த வருடம் ஊர்நிலை காரணமாக என் வேலை ஆனிக்குத் தள்ளிப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை நான் இருக்கும்போது கரவெட்டியிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார்.

"பிள்ளை, அப்ப எங்களிட்டைக் கிடக்கிற பழைய போத்தலை என்ன செய்யிறது? கட்டின காசைத் திருப்பித் தருவியளோ?"

"ஓம்."

"எப்ப?"

"கொண்டு வாற அண்டைக்கே."

"எல்லாத்துக்குமோ?"

"கொப்பியிலை இருக்கிற எல்லாத்துக்கும்."

அவர் பஸ்ஸில் போனார். பஸ் ஒவ்வொரு சந்தியிலும் நிற்கும். ஒவ்வொரு சந்தியிலும் ஒரு கடை இருக்கும். திங்கட்கிழமை காலை படலையிலிருந்து கிணற்றடி வரை போத்தல்.

சைக்கிள் கரியரில் கட்டி வந்தார்கள். மாட்டுவண்டிலில் வந்தார்கள். ஒருவர் போத்தல்களை உரச்சாக்கில் போட்டுத் தலையில் சுமந்து வந்தார். கணக்கக்கா கொப்பியைப் பார்ப்பார், எண்ணுவார், காசு கொடுப்பார், கையெழுத்து வாங்குவார். பத்து மணிக்கு முதலாளி படலையைப் பூட்டச் சொன்னார். வெளியே ஒரு கிழவர் சத்தம் போட்டார்:

"முதலாளி! சோடா எடுக்க வரேக்கை படலை ஆவெண்டு கிடக்கும். போத்தல் குடுக்க வரேக்கை மட்டும் ஏன் வாயை மூடுது?"

"மெசின் குடிச்சிட்டுதாம், அப்பு," என்றான் இன்னொருவன். வீதியே சிரித்தது.

முதலாளி மேசைக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "உதை நிப்பாட்டு. கொப்பியை எரி."

"எரிக்கலாம் மாமா. அவையள் எல்லாரிட்டையும் காசு கட்டின துண்டு இருக்கு."

படலை திறந்தது. வியாழக்கிழமை பின்னேரம் காசுப் பெட்டி காலி. வங்கி இனி ஒரு சதமும் தராது என்றுவிட்டது. அறையில் நாங்கள் மூன்று பேர்.

"இன்னும் எத்தினை போத்தல் வெளியிலை நிக்குது?"

கணக்கக்கா கொப்பியைப் பார்க்காமலே கடைசி ஒரு போத்தல் வரை சொன்னார்.

"மெய்க்கணக்கு என்ன? மூண்டு வருசத்துக்கும்."

அதையும் சொன்னார். கடைசி வருடம் பெரிய நட்டம். முதலாளி கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். சுருட்டு அணைந்து போயிருந்தது.

"என்னடி பிள்ளை, இதை முந்திச் சொல்லியிருக்கலாமே!"

"முந்திக் கேட்டனீங்கள், சொன்னனான். பிறகு நீங்கள் கேக்கேல்லை."

பிறகு முதலாளி வேறு குரலில், உறவுக் குரலில், தொடங்கினார்.

"கொப்பற்றை கால் பங்கை உனக்கே எழுதித்தாறன். காசு வேண்டாம். இன்னொரு பங்காளி கையெழுத்து வைச்சால் வங்கி தவணை குடுக்கும். உன்ரை பங்கு உனக்கு வருது. வேறென்ன வேணும்?"

"கடனிலையும் கால் பங்கு வருமோ மாமா?"

முதலாளி சுருட்டுக்கு நெருப்புத் தேடினார்.

"அப்ப வேண்டாம்."

"இதுக்குத்தானேடி இவ்வளவும் செய்தனீ!"

"இல்லை," என்றார். அலுமாரியைப் பூட்டித் திறப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை கூடப் போனேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பங்குக்கு இல்லையெண்டால், பின்னை எதுக்கு?"

"பங்கு போனதுக்கு ஐயா கவலைப்படேல்லை அண்ணை. புத்தகத்தைப் பாத்து நம்பினதுக்கு வெக்கப்பட்டவர். சாகுமட்டும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர், 'நான் படிச்சவன், பாத்துத்தானே கையெழுத்து வைச்சனான்' எண்டு. மாமாவும் ஒருக்கால் அப்பிடி வெக்கப்பட வேணும் எண்டு இருந்தனான்."

பஸ் வரும் சத்தம் கேட்டது.

"அப்ப என்னை?" என்றேன்.

முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"நீங்கள் போன வருசம் மெய்யோ எண்டு கேட்டனீங்கள். நான் இல்லை எண்டனான். அதுக்குப் பிறகுதானே சரி போட்டனீங்கள்."

அவர் ஏற, பஸ் போய்விட்டது. அவர் சொன்னது எனக்கு விளங்க இரண்டு மாதம் எடுத்தது. ஆவணியில் வங்கி 1987/88 கணக்கைக் காட்டி எசமானிடம் விளக்கம் கேட்டது. எசமான் பச்சைச் சரிகளைக் காட்டினார். வேலை போயிற்று. வேறு கணக்காய்வாளர் எவரும் என்னை எடுக்கவில்லை. எனக்கு அவர் மீது கோபம் வந்ததா என்றால், வந்தது. நான் அவருடைய கூட்டாளி என்று நினைத்திருந்தேன். முதலாளியின் பெயரோடு என் பெயரும் அவருடைய பட்டியலில்தான் இருந்தது.

கொம்பனி அந்த வருட முடிவில் பூட்டப்பட்டது. காணி வங்கிக்குப் போனது. அந்த மெசின் ஒரு போத்தல்கூட நிரப்பவில்லை. வேலையாட்கள் எட்டுப் பேர் தெருவுக்கு வந்தார்கள். காஸ் அடித்தவர், "மாமனும் மருமகளும் சண்டை பிடிக்க எங்கடை அடுப்பையோ அணைச்சவை?" என்று சந்தியில் நின்று கத்தினார். அவர் சொன்னது நியாயம். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன். முதலாளி மாமியின் வீட்டில், மாமியின் சோற்றில் இருந்தார். யாராவது கொம்பனியைப் பற்றிக் கதைத்தால், "ஓடிற்றர் பாத்த கணக்கு" என்று மட்டும் சொல்வாராம். கணக்கக்கா கொடிகாமப் பக்கம் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் கணக்கியல் படிப்பித்தார். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தீராமல் இருக்கிறது. கொம்பனியில் போத்தல் கழுவிய ஒரு பெண்ணை 1994 மாசியில் மானிப்பாய்ச் சந்தையில் கண்டேன். அவர் சொன்னது: வங்கிக்காரர் வீட்டை ஈடுவைக்கும் கையெழுத்துக்கு வருவதற்கு முதல் நாள் பின்னேரம் மாமி தனியாகப் போத்தல் கொட்டிலுக்கு வந்தா, கணக்கக்காவும் அவவும் இரண்டு வெறும் பெட்டிகளின் மேல் இருந்தார்கள், நடுவில் போத்தல் கொப்பி விரிந்து கிடந்தது, மாமி ஒரே ஒரு கேள்வி கேட்டா, கணக்கக்கா பதில் சொன்னார், மாமி கொப்பியை மூடிவிட்டுப் போனா. என்ன கேள்வி என்று அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. இது மெய்யானால், மாமிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டு, தன் அண்ணனை ஏமாற்றிய கணவனை மெசின் வாங்கப் போகவிட்டிருக்கிறா. இதற்குச் சாட்சி அந்த ஒரு பெண் மட்டுமே. மாமியிடம் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை; அவ 1996இல் காலமாகிவிட்டா. ஆகவே இந்தச் சந்திப்பு நடந்தது என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.